கீபோர்டுக்குப் பத்து மார்க்

செஞ்சி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய நேரத்தில், தமிழ்செல்வியின் கையில் இருந்த போன் இரண்டாகப் பிரிந்தது.

வலது கையில் கண்ணாடிப் பாகம். இடது கையில் கீபோர்டு. இரண்டுக்கும் நடுவே நாடாப்புழு மாதிரி ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் மல்லாட்டைத் தோலை உடைத்து உடைத்துக் கடலை தின்றுகொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, உடைஞ்சிடுச்சா?"

"இல்லைங்க. இது இப்படித்தான் திறக்கும்."

அந்த வாரத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது.

தமிழ்செல்வி திருவண்ணாமலையில் ஒரு விதைக் கம்பெனியின் கிளை ஆபீசில் பதினோரு வருடமாக டைப்பிஸ்ட். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருபவள். இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். நிலத்துக்கு நிலம் போய் வருகிற ஃபீல்டு ஆட்கள் வரப்பில் நின்றபடியே ரிப்போர்ட் எழுதி அனுப்ப வேண்டும் என்று சென்னை ஹெட் ஆபீசுக்கு ஒரு யோசனை வந்தது. பக்கவாட்டில் தள்ளினால் உள்ளேயிருந்து கீபோர்டு வெளியே வரும் போன் ஒன்றை வாங்கி, சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். கூடவே பத்துக் கேள்விகள் அடங்கிய ஒரு படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் பத்து மார்க்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ராமதாஸ் அவளைக் கூப்பிட்டார்.

"டைப்பிங்ல தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணவங்க இந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான். தட்டிப் பார்த்து மார்க் போடுங்கம்மா. வெள்ளிக்கிழமை சென்னையிலேர்ந்து ஆள் வருது. இனிமே இது உங்க பொறுப்பு."

சொன்னதோடு ரெஜிஸ்டரில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பதினோரு வருடத்தில் அவளை நம்பி ஆபீஸ் கொடுத்த முதல் பெரிய பொருள் அது. தமிழ்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை.

நியாயமாகத்தான் ஆரம்பித்தாள். பொத்தான்கள் சின்னவை, ஆனால் ஒவ்வொன்றும் விரலுக்குப் புலப்பட்டது. 'எஸ்' வேண்டுமென்றால் ஒரே பொத்தானை நாலு தடவை அமுக்குகிற அவஸ்தை இதில் இல்லை. எடைதான் கொஞ்சம் ஜாஸ்தி. முதல் கேள்விக்கு எட்டு, இரண்டாவதுக்கு ஏழு என்று பென்சிலால் போட்டாள். மூன்றாவது கேள்வி, 'பயணத்தின்போது தட்டச்சு செய்ய முடிகிறதா?'

அதற்காகத்தான் அன்று சாயங்காலம் பஸ்ஸில் வெளியே எடுத்தாள்.

வீட்டில் அவள் கணவன் பரசுராமன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். உலகத்தில் எது உடைந்தாலும் தன்னால் சேர்க்க முடியும் என்று நம்புகிறவன்.

"ஏழரை ஹெச்பி மோட்டாரையே பிரிச்சு மாட்றேன். இது இன்னா பெரிய விஷயம்?"

"கடையில குடுக்கலாம்ங்க."

"கடையில குடுத்தா நாளைக்கே ஊரு பூரா தெரிஞ்சிடும். பரவாயில்லையா?"

பரசுராமன் பசைக் குப்பியைத் திறந்தான். நாலு சொட்டு விட்டு, மேலே உரலை வைத்தான். அரை மணி கழித்து எடுத்தபோது போன் ஒன்றாகத்தான் இருந்தது. கீபோர்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே ஒட்டியிருந்தது. இனி அது உள்ளே போகாது.

"திறந்தே இருந்தா வேலை மிச்சம்தானே" என்றான் பரசுராமன்.

ஒரு சொட்டுப் பசை என்டர் பொத்தானுக்குள் இறங்கியிருந்தது புதன்கிழமைதான் தெரிந்தது. ஆறாவது கேள்வி, கீபோர்டைப் பற்றி மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னது. 'சார் கீபோர்டு உடையாமல் உறுதியாக இருக்கிறது' என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டத் தொடங்கினாள். பாதியில் என்டர் தானாக அமுங்கிச் செய்தி பறந்துவிட்டது.

'சார் கீபோர்டு உடை.'

தமிழ்செல்வி அவசரமாகத் திருத்தினாள். 'சார் தப்பாகப் போய்விட்டது, உடையவில்லை' என்று சொல்லப் பார்த்தாள். அது போனது இப்படி:

'சார் தப்பாகப் போய்விட்டது, உடை.'

மூன்றாவது தடவை முயல அவளுக்குத் தைரியம் இல்லை. போனைக் கைப்பைக்குள் திணித்து, மேலே டிபன் டப்பாவை வைத்தாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. 'ஓகேம்மா. பரவாயில்லை.' புரியாமல்தான் அனுப்பியிருப்பார் என்று நினைத்தபோது அவளுக்கு இன்னும் கூசியது.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில் ஒரு கவர் தைத்தாள். அரக்குக் கலர், ஓரத்தில் ஜரிகை. ஒட்டுப் போட்ட இடம் ஜரிகைக்குள் மறைந்தது. பிறகு படிவத்தை எடுத்து, பென்சில் மார்க்கையெல்லாம் அழித்தாள். ஒரு மார்க் குறைத்தால்கூட ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் போனைக் காட்ட வேண்டிவரும். பேனாவால் பத்துக் கேள்விக்கும் பத்துக்குப் பத்துப் போட்டாள். பத்தாம் கேள்விக்குக் கீழே, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதினாள். ஹையர் பரீட்சையில்கூடக் காப்பி அடிக்காதவள்.

வியாழக்கிழமை ராமதாஸ் கவரைப் பார்த்தார். "ஜம்முனு இருக்கும்மா. கழட்டாதீங்க, தூசி அடையும்."

அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வேணுகோபால் வந்தார். ஒல்லியான மனிதர். படிவத்தை மேலிருந்து கீழே படித்துவிட்டு, இன்னொரு தடவையும் படித்தார்.

"எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்தா? இதைச் செஞ்ச கம்பெனிக்காரனே எட்டுக்கு மேல சொல்லலையேம்மா."

"நல்லா இருக்குங்க சார்."

"எங்க, ஒருதடவை மூடிக் காட்டுங்க."

"மூடவே வேணாம் சார். எப்பவும் ரெடியா இருக்கும்."

வேணுகோபால் சிரித்துக்கொண்டே கவருக்குள்ளிருந்து போனை உருவினார். போன் மட்டும் வந்தது. கீபோர்டு கவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அக்கவுண்ட்ஸ் சரோஜா வாயில் வைத்த டீயை விழுங்காமல் நின்றாள்.

"நான்தாங்க சார் உடைச்சேன்" என்றாள் தமிழ்செல்வி. "பஸ்ஸுல போகும்போது கையோட வந்துடுச்சு. ஒட்டினோம். மார்க்கெல்லாம் பொய்யிங்க சார். பதினோரு வருஷத்துல இப்படி ஒரு நாளும் செஞ்சதில்ல." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேணுகோபால் வாயைத் திறப்பதற்குள் ராமதாஸ் எழுந்து முன்னால் வந்தார்.

"விடுங்க சார். பாவம், வேணும்னேவா செஞ்சாங்க? என் ஸ்டாஃப் செஞ்ச தப்பு என் தப்புதான். இதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவங்க மேல ஒரு லெட்டரும் போகக் கூடாது."

வேணுகோபாலே நெகிழ்ந்துபோனார். "இப்படி ஒரு மேனேஜர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார். சரோஜா கண்ணைத் துடைத்தாள். தமிழ்செல்விக்கோ பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பாள். மன்னிப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "அந்த மனுஷன் முகத்துல எப்படிங்க முழிப்பேன்?" என்று பரசுராமனைக் கேட்டாள். உரலை வைத்த குற்றத்துக்காக அவனும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். போனை எப்படியாவது சரி செய்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட வேண்டும். ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு கடைக்குப் போக என்ன வெட்கம்? போகிற வழியில் கோயிலுக்குள் நுழைந்து, ராமதாஸ் பெயருக்கு ஒரு அர்ச்சனை சொன்னாள்.

"நட்சத்திரம்?" என்று கேட்டார் குருக்கள்.

"தெரியாதுங்க சாமி. ரொம்ப நல்லவரு. எந்த நட்சத்திரத்துக்குச் சொன்னாலும் போய்ச் சேரும்."

தேரடித் தெரு ஓரத்தில் இருந்தது அப்பாசாமியின் கடை. முப்பது வருடமாக ரேடியோ, டிவி என்று காலத்துக்கு ஏற்ப மாறி, இப்போது செல்போனில் வந்து நிற்கிறவர். தமிழ்செல்வி ஜரிகைக் கவரைப் பிரித்து, இரண்டு துண்டுகளையும் கண்ணாடிப் பலகை மேல் வைத்தாள். அவள் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பாசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீங்க ராமதாஸ் சார் ஆபீஸாம்மா?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"போன திங்கக்கிழமை கார் கதவுல நசுக்கிட்டு இத ரெண்டு துண்டா எடுத்துனு வந்தவரு அவருதானே! ஒட்டித்தான் குடுக்க முடியும், ரெண்டு நாளைக்கு மேல தாங்காதுனு சொன்னேன். 'ஒரு நாள் தாங்கினா போதும்யா, நாளைக்கு வேற கைக்குப் போயிடும்'னாரு."