சிவப்புக்குப் பெயர் பச்சை

“இது என்ன நிறம், மக்கா?”

“பச்ச.”

பிரபின் கையிலிருந்த அட்டை நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு.

கத்தாரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தான். போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள் பிரிஜாவுக்கு இப்போது நாலு வயது. முதல் வாரம் முழுக்க அவனைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவளோடு உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான இலவச விளையாட்டுகள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. நிற அட்டைகளை மண்டைக்காடு நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தான். பிள்ளை ஒட்டிக்கொண்டாள். படிப்புதான் ஒட்டவில்லை.

“அட்டையில மை சரியில்ல. சாமானக் காட்டிக் கேளுங்க” என்றாள் மனைவி டெல்சி.

தக்காளியைக் காட்டினான். “நீலம்.” கத்திரிக்காயைக் காட்டினான். “வெள்ள.” சொல்லிவிட்டு அவன் மடியில் இன்னும் வாகாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கரையேற்றியிருந்த ஏழு வள்ளங்களின் நிறத்துக்கும் ஏழு தப்பு. வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாமா மத்தியாஸ் நிமிர்ந்தார்.

“ஏலே, பிள்ளைக்குக் கண்ணுல கோளாறாக்கும். நிறம் தெரியாத சொகக்கேடு ஒண்ணு உண்டும்.”

பிரபின் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டான். மறுநாள் அங்கன்வாடி விட்டதுமே நாகர்கோவில் கண் டாக்டரிடம் ஓடினான். அவர் மஞ்சளைக் காட்ட, பிரிஜா சிரித்துக்கொண்டே “கறுப்பு” என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் பழக்கடையில் செவ்வாழையைக் காட்டி, வாய் பழகிப்போய், “அந்தப் பச்சையில ரெண்டு எடும்” என்றான் பிரபின்.

கடைக்காரர் பழத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்தார்.

“சீட்டு பிள்ளைக்கா, ஒமக்கா?”

மறுநாள் காலை அங்கன்வாடிக்கு லீவு சொல்லப் போனான். விஷயத்தைக் கேட்டதும் குளோரி டீச்சர் சிரித்துவிட்டாள்.

“நிறம் தெரியாதா? இவளுக்கா? மத்த பிள்ளையளுக்கே இவதான சொல்லிக் குடுக்கா! மக்கா, டீச்சருக்க சேல என்ன நிறம்?”

பிரிஜா அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“கறுப்பு.”

சேலை ரோஸ். டீச்சரின் சிரிப்பு நின்றது.

“நேத்து சரியாச் சொன்னாளே…”

பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் பிரபின் தொப்பென்று உட்கார்ந்தான். கண் கலங்கிவிட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் அவ்வளவு வேகமாகவா முற்றிப்போயிற்று?

அடுப்படியில் சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்த ஆயா முத்துக்கனி, கரண்டியோடு வெளியே வந்தாள்.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ‘எல்லா நிறமும் படிச்சு முடிச்சா அப்பா பிளேன் ஏறிருவாவன்னு அம்மா சொன்னாவ ஆயா, அதுனால அப்பா முன்னால மட்டும் தப்பாத்தான் சொல்லுவேன்’னு நேத்தே எங்கிட்ட சொல்லியாச்சு ஒம்ம மோளு!”