கீழ்ப்போல்ட்டு வதைப் படலம்

வாழ்க நில அளவையாளன்! மேடேறிப் பள்ளமிறங்கி, எல்லைக்கல் தேடி முட்புதர் புகுந்து, அண்ணன் தம்பி வேலிச் சண்டைகளை அங்குலம் அங்குலமாக அளந்து தீர்த்துவைத்த அருந்திறலோன். ஊரார் நிலமெல்லாம் அளந்தும் தன் சட்டைப்பையில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியை ஒருநாளும் கண்டுபிடித்தறியாத பெருந்தகை. வாழ்க அவன் வழுக்கை, வளர்க அவன் தொப்பை! ஞாயிற்றுக்கிழமைக் காலை இளவெயிலில், கிழிந்த பனியனே கவசமாக, தலையில் கட்டிய துண்டே மகுடமாக, பதின்மூன்றாம் எண் ஸ்பானரே உடைவாளாக, வீட்டு வாசலில் பானெட்டு வாய் திறந்து நின்ற தன் வண்டியின் முன் அவன் வந்து நின்ற கோலத்தைப் பாடுதற்கு, கிரீஸில் பிறந்து பெட்ரோலில் குளித்து நட்டும் போல்ட்டும் நகையாகப் பூண்ட நாயகியே, எம் நாவில் வந்து அமர்வாயாக. அமருமுன் கையைத் துடைத்துக்கொள்வாயாக!

அவ்வண்டியோ வண்டிகளுள் வேழம். நான்கு சக்கரமும் ஒருமனதாய் இழுக்க, சேற்றைச் சேறென்று மதியாமல், பாறையைப் பாறையென்று பாராமல், புதுக் கார்கள் பயந்து திரும்பும் மலைத்தடமெல்லாம் அளவுச் சங்கிலியையும் அளப்பவனையும் சுமந்தேறிய மதகரி. கதவைச் சாத்தினால் தெரு அதிரும். கண்ணாடியை இறக்கினால் மறுபடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அத்தகைய வேழம் முந்தைய நாள் மாலை, கொட்டும் மழையில், நாற்சந்தியின் நட்டநடுவில் வீழ்ந்தது. முதலில் பேட்டரி விளக்கு செங்கண் திறந்து முறைத்தது. பின்னர் முகப்பு விளக்குகள் தூக்கம் வந்த பிள்ளையின் கண்போலச் சொருகின. வைப்பர் கடைசியாக ஒருமுறை கையசைத்து விடைபெற்றது. எஞ்சின் இருமி, விக்கி, அடங்கிற்று. ஓடும்போதெல்லாம் பேட்டரிக்கு மின்சாரம் வாரி வழங்கிய ஆல்டர்னேட்டர் என்னும் உருண்டை வள்ளல் கொடைக் கையை மூடிவிட்டான் என்பதை நில அளவையாளன் நொடியில் உணர்ந்தான். உணர்ந்து என்ன பயன்? பின்னால் நின்ற பேருந்து அடித்த ஹார்னில் அவன் உணர்ச்சியெல்லாம் கரைந்தோடிற்று.

அந்த வேளையிலா வந்து தொலைய வேண்டும் மைத்துனன்! மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. மின்னும் புதுக்காருக்கு உடையவன். காரை விட்டிறங்கிப் பத்தடி நடப்பதற்குள் திரும்பித் திரும்பிச் சாவியை அழுத்திப் பூட்டிப் பார்ப்பதால், ‘ரிமோட்டு’ என்று சொந்தபந்தமெல்லாம் பட்டம் சூட்டிய செல்வன். அவன் தன் காருக்குப் பின்னால் கயிறு கட்டி, கிழவேழத்தைத் தெருவே பார்க்க இழுத்துவந்து வாசலில் விட்டு, குடையின் கீழ் நின்று முழங்கினான்:

“மாமா, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது வண்டியே இல்ல, பழைய இரும்பு! நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது தானா ஓடிவந்து என் வீட்டு வாசல்ல நின்னுச்சுன்னா, இனிமே இதப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா, மறுநாள் காலைல காயலாங்கடைக்காரரோட நான் வந்து நிப்பேன்!”

பழைய இரும்பு! அந்தச் சொல் வண்டியின் மேல் பட்டுத் தெறித்து, அதை ஓட்டியவனின் நெற்றியிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டே போயிற்று. வாசற்படியில் நின்ற மனைவியை அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பல் மருத்துவர். எவர் வாயையும் திறக்கவைப்பாளேயன்றித் தன் வாயை எளிதில் திறவாதவள். அன்று திறந்தாள்.

“அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குங்க.”

இருபுறமும் அடிபட்ட முரசுபோல் ஆனான் நம் தலைவன். ஆயினும் துவண்டானில்லை. பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து புகுந்து, உதிரிப்பாகக் கடைக்காரரின் கையிலிருந்து புது ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி, மழையில் நனையாமல் பச்சைக்குழந்தைபோல் மார்போடணைத்து வந்தான். எதிர்வீட்டிலிருந்து சார்ஜர் இரவல் பெற்று, பேட்டரிக்கு விடிய விடிய மின்பாலூட்டினான்.

விடிந்தது. போர் மூண்டது.

முதற்போரே முறைகெட்ட போர். எந்த வயரைத் தொடுமுன்னும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுக என்பது வண்டி நூலோர் வகுத்த அறம். வீரத்தின் வேகத்தில் அறத்தை மறந்த நம் ஆண்டகை, ஆல்டர்னேட்டரின் முதுகில் ஏறிய தடித்த வயரில் நேரே ஸ்பானரைப் பொருத்த, அதன் வால் பக்கத்து இரும்பில் உரச, ‘சடார்!’ என்று எழுந்த நீலப்பொறி கண்டு காகங்கள் கலைந்தன. எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. நம் தலைவனோ ஈரடி பின்வாங்கி, யாரும் பார்க்கவில்லை என்பதைத் திசைதோறும் உறுதிசெய்துகொண்டு, மைனஸ் முனையை மிகுந்த மரியாதையோடு கழற்றினான்.

பின்பு வெற்றிமேல் வெற்றி. தடித்த வயர் தலைவணங்கிற்று. சிறுவயர் ‘டிக்’ என்ற ஒற்றைச்சொல்லோடு சரணடைந்தது. மேற்போல்ட்டு மூன்று சுற்றில் நெகிழ்ந்தது. பெல்ட்டோ, இத்தனை காலம் இதற்காகவே காத்திருந்ததுபோல் சரிந்து கையில் விழுந்தது. “அவ்வளவுதானா?” என்று அவன் அண்டமதிர நகைத்தான். ஐயோ, நகைத்திருக்கக் கூடாது!

ஏனெனில் அடியில் இருந்தான் கீழ்ப்போல்ட்டு. எஞ்சினின் இருட்குகையில், எட்டியும் எட்டாத ஆழத்தில், துருவே தோலாக, பிடிவாதமே பிறவிக்குணமாக, ஆல்டர்னேட்டரின் காதில் நுழைந்து வேரோடிக் கிடந்த நெடும்போல்ட்டு! நில அளவையாளன் ஸ்பானரை மாட்டி இழுத்தான்; அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சினான்; குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. சுத்தியலால் தட்டினான், தட்டியது விரலில் பட்டது. ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகி, பம்பரின்மேல் ஏறி நின்று, தன் முழு எடையையும் அதன்மேல் தொங்கவிட்டான். வண்டி ஆடிற்று, வீட்டு ஜன்னல் ஆடிற்று, தொப்பை ஆடிற்று, போல்ட்டு மட்டும் ஆடவில்லை. வியர்வை ஆறாய்ப் பெருக, விரற்கணுக்களில் இரத்தம் துளிர்க்க, பம்பரிலேயே சரிந்து உட்கார்ந்தான். காயலாங்கடைத் தராசு அவன் கண்முன் ஏறி இறங்கிற்று. அதன் ஒரு தட்டில் வண்டி இருந்தது. வண்டிக்குள் தானும் இருப்பதாக ஏனோ தோன்றிற்று.

அப்போது கதவு திறந்தது. வந்தாள் பல் மருத்துவர்! நெற்றியில் விளக்கு, கைகளில் உறை, இடக்கையில் கிளினிக்கின் சிறு கண்ணாடி.

“தள்ளுங்க. கொஞ்சம் காட்டுங்க.”

குனிந்தாள். கண்ணாடியை உள்ளே விட்டாள். இருட்குகையின் மூலைமுடுக்கெல்லாம் நிதானமாகப் பார்த்தாள்.

“என்னங்க இது, ஒரேயடியா இழுத்தா எப்பிடி? இறுகிப்போன பல்ல அப்பிடி இழுத்தா வேர் உடைஞ்சிடும். கொஞ்சம் இறுக்குங்க, கொஞ்சம் தளர்த்துங்க. ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும்.”

“நேத்து அவன் பக்கம் பேசினியே?” என்றான் தலைவன். கேட்கவேண்டாம் என்று நினைத்தும், வாய் கேட்டுவிட்டது.

“ஞாயம் அவன் பக்கந்தான். ஆனா அவன் ஜெயிச்சான்னா அந்த மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன்.” கண்ணாடியைத் துடைத்தாள். “அதோட, இந்த வண்டில போனா நீங்க பாட்டுப் பாடுவீங்க. வேற எதுலயும் பாடறதில்ல.”

இச்சொல் கேட்ட அளவில், யானைபலம் என்று உலகோர் சொல்வது எதுவோ அதில் ஒன்றரை மடங்கு அவன் தோளில் புகுந்தது. அவள் விளக்குப் பிடித்துக் கட்டளையிட, அவன் குழாய் பிடித்துக் கீழ்ப்படிய, “இறுக்குங்க”, “தளர்த்துங்க”, “இறுக்குங்க”, “மெதுவா, மெதுவா” என்று அந்த இருவர் சேனை இடமும் வலமுமாய்ப் பொருத பொருதலில், குகையின் அடியாழத்திலிருந்து ‘கிறீ...ச்’ என்று ஓர் ஓலம் எழுந்தது. மண்ணும் விண்ணும் கேட்ட ஓலம்! எண்ணெய்க்கும் இணங்காதவன், எடைக்கும் அஞ்சாதவன், அந்தக் கீழ்ப்போல்ட்டு சுழன்றான், நெளிந்தான், நீள நீளமாய் வெளியேறினான், சிமெண்டுத் தரையில் ‘டங்’கென்று விழுந்து உருண்டான். பழைய ஆல்டர்னேட்டர் தலைவனின் மடியில் வந்து விழுந்தது.

“முடிஞ்சிடுச்சு, கொப்பளிச்சுக்குங்க,” என்றாள் மருத்துவர், பழக்கதோஷத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து எட்டிப்பார்த்தது.

புதியவன் பழையவனின் ஆசனத்தில் அமர்ந்தான். பழையவனைப் பிடித்த போல்ட்டே, துருத்தோல் உரித்து எண்ணெய் பூசிய பின், புதியவனுக்கு ஏவலனானான். பெல்ட்டு பூட்டி, விறைப்பாக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்கள். புல்லாங்குழல்காரன் உதடுபோல் வேண்டிய அளவே அது தாழ்ந்தது. தடித்த வயரின் நட்டு மட்டும் கைநழுவி எஞ்சினுக்குள் மறைந்து அவன் உயிரைப் பாதி குடித்தது; அதையும் சிறு கண்ணாடியால் கண்டு, இடுக்கியால் கவ்வி, “இந்தாங்க, கடைவாய்ப் பக்கம் ஒளிஞ்சிருந்துச்சு,” என்று எடுத்து நீட்டினாள் அவள்.

சாவி திரும்பிற்று. ஒருகணம் உலகம் மூச்சை அடக்கிற்று. பின்பு, கார்கால மேகம் கனைத்ததுபோல் கிளம்பிற்று கிழவேழம்! பேட்டரி விளக்கு செங்கண் மூடிற்று. மீட்டரின் முள் பதினான்கு வோல்ட்டில் ஏறி நின்று நிமிர்ந்தது. “பதினாலு! பதினாலு!” என்று நம் பெருந்தகை வாசலெங்கும் குதித்தாட, தலைத்துண்டு அவிழ்ந்து காற்றில் பறந்தது.

குளித்தானா? இல்லை. சாப்பிட்டானா? இல்லை. பனியனும் கரிமுகமுமாய் அவன் ஸ்டியரிங்கில் அமர, பக்கத்தில் கையுறை கழற்றாத மருத்துவர் அமர, பட்டப்பகலில் முகப்பு விளக்குகள் எரிய, துளி மழையில்லாத கண்ணாடியில் வைப்பர் இருபுறமும் சாமரம் வீச, மறந்துபோன அடிகளுக்கெல்லாம் ‘லலலா’ போட்டு உரத்த குரலில் அவன் பாட, பாட்டுக்கு அவள் டாஷ்போர்டில் தாளம் தட்ட, சிக்னல்கள் பச்சைக்கொடி காட்ட, சைக்கிள்கள் ஒதுங்கி வழிவிட, புகையே புகழாக எழுந்து பின்தொடர, அந்தி சாயுமுன் மைத்துனன் தெருவுக்குள் புகுந்தது அந்த வெற்றி உலா. வாசலில் நின்றது வண்டி. மும்முறை முழங்கிற்று ஹார்ன். மாடிதோறும் தலைகள் முளைத்தன. ஜன்னல்தோறும் திரைகள் விலகின. இறங்கினான் நில அளவையாளன், மார்பை விரித்தான், கரிபடிந்த வலக்கையை வானோக்கி உயர்த்தித் திக்கெட்டும் அதிர அறைகூவினான்:

“மாப்ள! வெளிய வாடா! தானா ஓடி வந்திருக்கு பாரு!”

வீடு பூட்டியிருந்தது.