கிளிப்பக்காவின் முதற்கொப்பு

மன்னார்த் தீவில் மணப்பெண்கள் எல்லோரும் தலை குனிந்தபடிதான் கோயிலுக்குள் நுழைவார்கள். பெண்ணுக்கு எவ்வளவு நாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். நாணமுமில்லை, ஒன்றுமில்லை. கிளிப்பக்கா கட்டிவிட்ட கொண்டையின் பாரம்.

கிளிப்பக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் அதை அறிந்தவர் யாருமில்லை. மணப்பெண் அலங்காரம் செய்யும் சலூன் அவருடையது. விடிந்ததிலிருந்து கடை பூட்டும்வரை வாயில் ஒரு கொத்துத் தலைக்கிளிப்புகளைக் கவ்விக்கொண்டிருப்பார். கதைப்பது, ஏசுவது, பேரம் பேசுவது எல்லாம் அவற்றின் இடுக்கால்தான். நற்கருணை வாங்கும்போது மட்டும் கழற்றுவார்.

அந்தச் சலூனுக்கு மேலேயிருந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கந்தோரில் எழுத்து வேலை கிடைத்து விடத்தல்தீவிலிருந்து வந்திருந்தேன். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, ஊர் திரும்பி, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து, கதிரையில் இருந்து சம்பளம் வாங்கியவள் நான். இதைப் போகிறபோக்கில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிடைத்த இடமெல்லாம் சொல்வேன். கிளிப்பக்காவிடமும் முதல் நாளே சொன்னேன். அவர் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"படிப்பு சரி பிள்ளை. வகிடு கோணல்."

சலூன் வாசலோரம், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில் அந்த மரம் இருந்தது. ஜூனிப்பர் என்னும் மலைநாட்டு ஊசியிலை மரம். முழங்கை உயரம்கூட இல்லை. நுவரெலியாவில் ஒரு மணப்பெண்ணை அலங்கரிக்கப் போனவர், அங்கே ஒரு நாற்றுமேடையில் கண்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோர இருக்கை கொடுத்துவிட்டு, இவர் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார் என்று தெருவில் சொல்வார்கள். அது பொய். இவரும் இருக்கையில் இருந்துகொண்டுதான் வந்தார். ஆனால் முன்னால் இருந்தவரிடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னது உண்மை. தலை கலைந்துவிடுமாம், மரத்துக்கு.

போன்சாய்க் கலையைத் தொலைபேசியில் படம் பார்த்துப் படித்தார். படத்தில் பேசியது என்ன மொழி என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கொப்பில் கம்பி சுற்றி வளைக்கிறார்கள், அடர்த்தியைக் குறைக்கிறார்கள், நுனியைக் கிள்ளுகிறார்கள். இதைத்தானே நான் இருபது வருசமாய்த் தலையில் செய்யிறன் என்றார். பூச்செண்டு கட்டும் மெல்லிய செப்புக்கம்பியை எடுத்துக் கொப்புகளில் சரிவாகச் சுற்றினார். பட்டை சிவந்து தெரியும்வரை தண்டைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். ஒருமுறை, அமைத்த வடிவம் கலையாமல் இருக்கட்டும் என்று தலைக்கு அடிக்கும் ஸ்பிரேயையும் அடித்துவிட்டார். நுனியெல்லாம் கருகிப்போயிற்று. அந்தக் கிழமை முழுவதும் சலூன் பூட்டு. சாவீட்டுக்குக் கட்டும் வெள்ளைக்கொடியை வாசலில் கட்டாதது ஒன்றுதான் குறை.

வாடிக்கையாளர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வங்கியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி புருவம் திருத்த வந்தாள். ஒரு புருவம் முடிந்ததும் அக்காவின் கண் மரத்தின் பக்கம் போனது. வேண்டாத இடத்தில் ஒரு துளிர். அதைக் கிள்ளப் போனவர், கம்பியைச் சரிசெய்து, இன்னொரு கொப்பைத் தணித்து, திரும்பி வந்தபோது பெண்ணுக்கு மதிய இடைவேளை முடிந்துவிட்டது. அன்று பின்னேரம் முழுவதும் அவள் எதையோ பாதி நம்பாதவள்போல ஒரு புருவத்தை உயர்த்திக்கொண்டு கணக்குத் திறந்தாளாம். மூன்று பேர் பயந்து காசு வைப்பிலிட்டார்கள்.

தண்ணீர் விஷயம் எனக்கு நேர்ந்தது. எங்கள் கிணறு உவர். சவர்க்காரம் நுரைக்காது. நான் அதில்தான் குளித்தேன். மரத்துக்கோ சுத்திகரித்த போத்தல் தண்ணீர். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"நீர் படிச்ச பிள்ளை. வாய் திறந்து என்னோடை சண்டை பிடிக்கிறீர்," என்றார். "இவளுக்கு வாய் இருக்கோ?"

பக்கத்துத் தையல்கடை முஸ்லிம் அண்ணரை நானா என்போம். அவருக்கு இந்த மரம் தீராத வேடிக்கை. அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து மரத்தை அளப்பார். "நம்மட ஊருல பெருக்கமரம் நிக்கிது. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலா," என்பார். "நீங்க என்னண்டா சோப்புப் பெட்டிக்குள்ள மரம் வளக்கிறீங்க. போன வருசத்தவிட ஒரு நூல் குறைஞ்சிரிக்கி, சந்தோசமா?"

உண்மையிலேயே அக்காவுக்குச் சந்தோசம்தான்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. ஆண்டுக்கணக்காய் அவர் திருத்தித் திருத்தி, அந்த மரம் பார்க்கப் பார்க்க நம்மூர் மரமாகிவிட்டது. கடற்கரையில் சோளகக் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் உடைமரத்தை அப்படியே கைக்குள் அடக்கியதுபோல. அதன் அழகெல்லாம் ஆக அடியிலிருந்த கொப்பில்தான். முதற்கொப்பு என்பார். தண்டிலிருந்து புறப்பட்டு, சட்டியின் விளிம்பைத் தாண்டி, அருவி மாதிரிக் கீழே விழும். மற்றக் கொப்பெல்லாம் போனாலும் வளர்த்தெடுக்கலாம், முதற்கொப்பு போனால் அது மரமில்லை, விளக்குமாறு என்று எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தார். தூசு தட்டக்கூட எவரையும் அண்டவிடமாட்டார்.

கண்டியில் ஒரு மலர்க் கண்காட்சி. போன்சாய்க்குத் தனிப் போட்டி. ஆக்களை அலங்கரித்து அனுப்பினால் தாலி ஏறியதும் கொண்டையை அவிழ்த்துவிடுகிறார்கள், என் கைவேலையை நாலு பேர் நின்று பார்க்க இதுதான் இடம் என்றார் அக்கா. மரத்தைப் பதிந்தார். வாடகைக்கு வான் வண்டியும் பிடித்தாயிற்று. புறப்படும் நாள் எது என்றால், என் தங்கச்சியின் கலியாண நாள். காலையில் மணப்பெண் அலங்காரம், மத்தியானம் கண்டிப் பயணம் என்று ஏற்பாடு.

மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். மாப்பிள்ளைக்குக் குறையில்லை, அவருடைய மாமிமார்தான். "முகாமிலை வளந்த பிள்ளை, பாப்பம் எப்பிடி வாறாள் எண்டு," என்று ஒருத்தி சொன்னது எங்கள் காதுக்கு வந்துவிட்டது. எனக்கு வந்த ரோசத்தில் கொழும்பிலிருந்து வெள்ளை ரோசாவில் பூச்செண்டு ஒன்று ஓடர் பண்ணினேன். கத்தோலிக்கக் கலியாணம். பெண் கையில் செண்டு இல்லாமல் பீடம்வரை நடக்க முடியாது.

செண்டு இரவு பஸ்ஸில் வந்தது. கொண்டக்டர் நல்ல மனிதர். யாரும் மிதித்துவிடக்கூடாது என்று, பெட்டியைப் பாதுகாப்பாக எஞ்சின் மேலே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். காலையில் சலூனில் திறந்தோம். கீரை கடையும் பதத்தில் இருந்தது.

அம்மா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். ஊரில் பூக்கடை என்று எதுவும் இல்லை. நானா தன் கடையிலிருந்த பிளாஸ்டிக் ரோசாவைக் கொண்டுவந்து காட்டி, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் மறைத்துக்கொண்டார். வெள்ளைச் சேலையும் பாதிக் கொண்டையுமாகக் கண்ணாடியில் தெரிந்த தங்கச்சி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"பரவாயில்லை அக்கா. வெறுங்கையோடை போறன். அவைக்குத் தெரியும்தானே நாங்கள் வெறுங்கையோடை வந்த ஆக்கள் எண்டு."

கிளிப்பக்கா கொண்டைக்குக் கிளிப்புக் குத்திக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். வாயிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்தார். கோயிலுக்கு வெளியே நான் அதைப் பார்த்தது அன்றுதான். வாசலுக்குப் போனார். சுத்தமான கத்தரியை எடுத்தார். முதற்கொப்பைத் தண்டருகில் ஒரு விரல் அளவு விட்டு வெட்டினார்.

"அக்கா, கண்டி?" என்றேன். படித்த வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

"கண்டிக்கு மரம் போகும். இவள் கோயிலுக்குப் போகட்டும்," என்று கொப்பைத் தூக்கிக் காட்டியவர், நானாவின் பக்கம் திரும்பினார். "நிண்டு பாக்கிறியளோ? உங்கடை வீட்டு முத்தத்திலை நந்தியாவட்டை நிக்குதெல்லோ."

நானா தன் செடியை மொட்டையடித்துக்கொண்டு ஓடிவந்தார். அருவிபோல விழும்படி ஆண்டுக்கணக்காய் வளைத்த கொப்பு, கையில் பிடித்தால் செண்டாகவே விழுந்தது. கம்பியை அவர் கழற்றவில்லை. வளைவு போய்விடும் என்றார். பச்சைக்குள் வெள்ளைப் பூக்களை மட்டும் செருகினார். பிறகு கிளிப்புகளை வாயில் போட்டுக்கொண்டு, தங்கச்சியை ஏன் அழுகிறாய், மை கரையுது என்று ஏசத் தொடங்கினார்.

விடத்தல்தீவுக் கோயில் வாசலில் மாமிமார் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி செண்டைக் கிட்டவந்து பார்த்தாள். கொழும்பிலிருந்தோ என்று கேட்டாள். அம்மா பொய் சொல்ல மாட்டார். "இல்லை, நுவரெலியா," என்றார். இன்னொருத்தி இலைக்குள் மின்னிய செப்பைக் கண்டு, தங்கக் கம்பியோ என்று கேட்டாள். அம்மா அதற்குப் பதிலே சொல்லவில்லை. அது பொய்யில் சேராதுதானே. அன்று மாலைக்குள் விடத்தல்தீவு முழுவதும் தங்கக் கம்பிச் செண்டு என்று கதை. அடுத்த மாதம் மூன்று மணப்பெண்கள் அதேபோல் வேண்டும் என்று சலூனுக்கு வந்தார்கள். அக்கா கத்தரியோடு எழும்ப, மூன்று பேரும் போய்விட்டார்கள்.

மரம் கண்டிக்குப் போகத்தான் செய்தது. வான் வண்டிக்குள்ளேயே, கொப்பு போன இடத்தில் எஞ்சிய குத்தியின் பட்டையை உரித்து, எலும்புபோல வெள்ளையாக்கி, கூராக்கிவிட்டாராம் அக்கா. காற்றில் முறிந்த மரம் கடற்கரையில் அப்படித்தான் நிற்கும். முதற்கொப்பு எங்கே என்று நடுவர் கேட்டிருக்கிறார். கலியாணத்துக்குப் போயிட்டுது என்று இவர் சொல்லியிருக்கிறார். பரிசு கிடைக்கவில்லை. அதைப் பற்றி அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நடுவருக்கு வகிடு கோணல். அவரிட்டை என்னத்தை எதிர்பாக்கிறது?"

இப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. மன்னாருக்குப் போனால் சலூனுக்குப் போகாமல் வருவதில்லை. மரம் அதே முக்காலியில் இருக்கிறது. போனமுறை, சட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் அந்த வெறும் பக்கம் தெரியாதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"உம்மடை தங்கச்சி இந்தப் பக்கத்தாலைதான் பஸ்ஸாலை இறங்கி வாறவள்," என்றார் கிளிப்புகளின் இடுக்கால். "வந்ததும் முதல் அதைத்தான் பாப்பாள்."

பருவையும் தழும்பையும் நரையையும் கண்ட இடத்தில் பூசி மறைப்பதுதான் கிளிப்பக்காவின் தொழில். அந்த ஒரு வெட்டை மட்டும் அவர் தெருப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.