வாலில் ஒட்டிய ஒப்புதல்

மேலே ஒட்டிய சீட்டை நம்பாமல் உள்ளே இருப்பதை மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பிரபஞ்சத்தில் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர், இணையதளம் செய்து தரும் ஒரு நிறுவனத்தின் நான்காம் மாடிக் கண்ணாடி அறையில் வீற்றிருக்கும் மேலாளர். கடவுளுக்கு வேலைப்பளு அதிகம். ஆகவே அன்று காலை மியூசியத்தின் இணையதளம் நிறமும் கட்டமும் இழந்து, வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக இடது ஓரத்தில் ஒண்டி நின்றபோது, மேலாளரே தலையிட வேண்டியதாயிற்று.

மூன்று மணிக்கு மியூசிய இயக்குநர் பார்க்க வருகிறார். தளத்துக்கு அலங்காரம் எழுதிய பெண்ணுக்கு அது தகுதிகாண் பருவத்தின் கடைசி நாள். அவளுடைய பணி உறுதிக் கடிதம் கையெழுத்தாகாமல் மேலாளர் மேசையில் ஒரு கோப்புறைக்குள் கிடந்தது.

முதற்கட்ட 'நிவாரணமாக' மேலாளர் மூன்று வரை எண்ணினார். பதினெட்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் பிரவுசரின் பழைய நினைவை அழித்தார்கள். பதினெட்டுப் பேருடைய பாஸ்வேர்டும் போயிற்று. அலங்காரம் வரவில்லை.

அடுத்து, அலங்காரம் எழுதியிருந்த அவளுடைய ஸ்டைல் கோப்பின் ஆயிரத்து இருநூறு வரிகளையும் வரி விடாமல் படித்தார்.

"தொள்ளாயிரத்து நாலாவது வரியில ஒரு புள்ளி குறையுதும்மா."

"அது எனக்காக எழுதி வெச்ச குறிப்பு சார். பிரவுசர் அதைப் படிக்காது."

"நான் படிச்சேனே."

சர்வர் பொறுப்பாளர் டீ கிளாசோடு உள்ளே வந்தார். "கோப்பு நல்லாத்தான் இருக்கு சார். சர்வர் அதை அனுப்புறப்ப 'வெறும் எழுத்து'ன்னு சீட்டு ஒட்டி அனுப்புது. சீட்டைப் பாத்துட்டு பிரவுசர், இது அலங்காரம் இல்லன்னு ஒதுக்கிடுது."

மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாட்டில் மேல ஒட்டின சீட்டைப் பாத்துத்தான் மருந்து குடிப்பீங்களா?"

"ஆமா சார். அதனாலதான் இன்னும் உயிரோட உங்ககிட்ட வேலை பாத்துட்டிருக்கேன்."

"சர்வர் எதுக்கு அப்படி ஒட்டணும்?"

"கோப்போட பேர் எப்படி முடியுதுன்னு பாத்துத்தான் சார் அது வகையைத் தெரிஞ்சுக்கும்" என்றாள் அவள். "முடிவுல சிஎஸ்எஸ்னு இருந்தா அலங்காரம். இப்ப..."

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். திங்கட்கிழமைச் சுற்றறிக்கை அங்கே தொங்கியது: 'மேலாளர் பார்வையிட்டுத் திருப்தியுற்ற ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் வாலில் "ஒப்புதல்" என்று சேர்க்கப்பட வேண்டும்.' அந்தப் பெருமையை முதலில் பெற்றது அவளுடைய கோப்புதான்.

"அந்த வாலை சர்வருக்குத் தெரியாது சார். தெரியாததுக்கெல்லாம் 'வெறும் எழுத்து'ன்னு ஒட்டிடும்."

"அப்ப சர்வருக்கு நான் யாருன்னே தெரியாதா?"

"தெரியாது சார்" என்றார் சர்வர் பொறுப்பாளர், ஒரு மடக்கு குடித்துவிட்டு.

மேலாளர் கோப்புறையை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். "சுற்றறிக்கையில தப்பு வராது. அலங்காரத்துலதான் தப்பு. இயக்குநர்கிட்டயும் அதையேதான் சொல்லப் போறேன். நீங்க சாப்பிடப் போங்க."

அவள் கோப்புறையைப் பார்த்தபடியே போனாள்.

இரண்டே முக்காலுக்கு மேலாளர் கண்ணாடி அறையின் திரைச்சீலையை இறக்கினார். பிரவுசரின் ஆய்வுப் பலகையைத் திறந்து, ஸ்டைல் கோப்பின் மேல் ஒட்டிய சீட்டை உதடசைத்துப் படித்தார். 'வெறும் எழுத்து.' கதவைப் பார்த்தார். கோப்பின் பெயரிலும், பக்கம் அதைக் கூப்பிடும் இடத்திலும் வாலை நறுக்கினார். மியூசியம் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்து நின்றது.

"பிரமாதம்" என்றார் மூன்று மணிக்கு வந்த இயக்குநர்.

"எதையும் உள்ள இறங்கிப் பாக்கணும் சார்" என்றார் மேலாளர். "சீட்டைப் பாத்தா வேலைக்காகாது."

"வாலைக் காணோமே சார்" என்றார் சர்வர் பொறுப்பாளர்.

"எந்த வால்?"

எல்லோரும் போன பிறகு மேலாளர் கோப்புறையை இழுத்தார். உள்ளே நான்கு பக்கம். ஒரு வரியும் படிக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்: 'பணி உறுதி'. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.