படத்துக்கு ஒரு ஞானத்தந்தை

சான் லாசரோ ஊரைச் சேர்ந்தவரும் சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு மாணவியுமாகிய யாரெலி என்பவருக்கு, அவருடைய சொந்தக் கல்யாணப் புகைப்படங்களில் இடம் மறுக்கப்பட்டது. வழக்கின் சாரம் இவ்வளவுதான். அடியோடு மறுக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகை. ஒரு படத்தில் அவளுடைய முழங்கை இருந்தது. இன்னொன்றில் முக்காட்டு வலையின் நுனி கேக்கின் மேல் ஒட்டடை மாதிரி தொங்கியது. மற்றபடி ஆல்பம் முழுக்க நிறைந்திருந்தவர் நகராட்சி உறுப்பினர் தோன் எவரார்தோ. தொப்பியோடு ஒருமுறை, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருமுறை, குழம்பு அண்டாவுக்கு ஆசி வழங்குவது போல ஒருமுறை.

இத்தனைக்கும் யாரெலி யோசிக்காமல் புகைப்படக்காரரைப் பிடித்தவள் இல்லை. அவளுக்கு ஒரு நல்ல படம் தேவைப்பட்டது, அதுவும் அப்பாவுக்காக. அவர் சிகாகோவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். உரிய காகிதங்கள் இல்லாமல் எல்லை தாண்டியவர். மகள் கல்யாணத்துக்கு வந்தால் திரும்பி வேலைக்குப் போக முடியாது. தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கோவிலுக்குள் நுழையும்போது மகளின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பூயெப்லா நகரத்திலிருந்து ஒரு நாகரிகக் கலைஞர் வந்தார். முகங்களை எடுப்பது பழைய பாணி என்றும், தான் உணர்வை மட்டுமே எடுப்பதாகவும் தெரிவித்தார். மாதிரிக்குக் காட்டினார். கள்ளிச்செடி முள்ளில் மாட்டிய மோதிரம். மரக்கிளையில் தொங்கும் மணப்பெண்ணின் செருப்பு. புகைவிடும் எரிமலைக்கு முன்னால் எறும்பு அளவில் ஒரு ஜோடி. எரிமலை வெகு தெளிவாக இருந்தது. அவர் கேட்ட தொகைக்கு எரிமலையையே வீட்டுக்கு வரவழைத்துவிடலாம்.

அடுத்து வந்தவர் அபெல். உணர்வு பற்றி அவருக்குக் கருத்து ஏதும் இல்லை. முகம் எடுப்பேன் என்றார். யார் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் சொல்வதை மட்டும் கேட்பேன், அத்தையோ சித்தியோ பாதிரியாரோ கையைப் பிடித்து இழுத்தாலும் திரும்ப மாட்டேன் என்றார். யாரெலிக்குக் கண் கலங்கிவிட்டது. கொள்கை உள்ள ஒரு மனிதரை அவள் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை. அவர் சொன்னதையே ஒப்பந்தத்தின் முதல் பிரிவாகத் தன் கையால் எழுதினாள்.

கொள்கைக்கும் கூலி உண்டு. ஆனால் சான் லாசரோவில் கல்யாணச் செலவை எந்த வீடும் தனியாகத் தூக்குவதில்லை. கேக்குச் செலவை ஏற்க ஒரு ஞானத்தந்தை, மோதிரத்துக்கு ஒருவர், பாண்டு வாத்தியத்துக்கு ஒருவர், வான்கோழிக் குழம்புக்கு மூன்று பேர் என்று பிரித்து எடுத்துக்கொள்வார்கள். படத்துக்கு தோன் எவரார்தோ முன்வந்தார். ஊர்ப் பண்பாட்டுக்குத் தன்னால் இயன்ற சிறு தொண்டு என்றார். யாரெலி அவருக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை.

விருந்தாளிகளின் கைபேசியில் ஒரு படம்கூடவா இல்லை என்று கேட்பீர்கள். இல்லை. கைபேசி இல்லாத கல்யாணம்தான் இந்த வருடத்து நாகரிகம். கண்ணால் பாருங்கள், கருவியால் அல்ல என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தது. வாசலில் கூடை வைத்து எல்லோருடைய கைபேசியையும் பிடுங்கிக்கொண்டார்கள். யோசனை யாருடையது என்று யாரெலியிடம் கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அபெலின் கடைக்குப் போனாள்.

"முதல் பிரிவை நீதானேம்மா எழுதினே," என்றார் அபெல். "காசு குடுத்தவர் என்னைப் பாத்துச் சிரிச்சார். எடுத்தேன். மறுபடி சிரிச்சார்."

"நான் கோவிலுக்குள்ள நுழைஞ்சப்போ?"

"அவர் மீசையை நீவிக்கிட்டு இருந்தார். அருமையான வெளிச்சம்."

"நாங்க முத்தம் குடுத்தப்போ?"

"கைதட்டினார். அந்தப் பக்கத்தைப் பாரு, அதுதான் ஆல்பத்துலேயே நல்ல படம்."

நீதி கேட்டு நகராட்சியின் நுகர்வோர் நல்லிணக்கப் பிரிவை அணுகினாள். இயக்குநர் ஒப்தூலியா அம்மையார் கனிவானவர்; யாரையும் உட்கார வைத்துத்தான் திருப்பி அனுப்புவார்.

"நுகர்வோர் யாரு?"

"நான். கல்யாணம் என்னோடது."

"கல்யாணம் உன்னோடதுதான்மா. படம் அவரோடது. அவருக்கு ஏதாவது குறை இருக்கான்னு கேக்காம நாங்க எப்படி முடிவு பண்றது?"

தோன் எவரார்தோ வரவழைக்கப்பட்டார். ஆல்பத்தை நிதானமாகப் புரட்டினார். குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே ஒரு இடத்தில் ஒரு முழங்கை குறுக்கே வருகிறது என்றார். முழங்கைக்கு உரியவர் யார் என்று இயக்குநர் விசாரித்தார். யாரெலி உண்மையைச் சொல்லத் துணிந்தாள். அக்கணமே அவள் புகார்தாரர் என்ற நிலையிலிருந்து எதிர்தரப்பு என்ற நிலைக்கு மாற்றப்பட்டாள். நாற்காலியும் மாறியது.

அவள் சட்டப் பிரிவுகளை எடுத்து வீசினாள். இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் நிறுத்தாததைக் கண்டு, மனிதாபிமான அடிப்படையில் ஒரு தீர்ப்பு வழங்கினார்: கோவில் நுழைவு மறுபடியும் நிகழ்த்தப்படும், படச் செலவை நகராட்சியே ஏற்கும்.

யாரெலி துவைத்த கவுனை மாட்டிக்கொண்டு கோவில் படிக்கட்டில் நின்றாள். மாப்பிள்ளை எலியூத் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தான். அபெல் கேமராவைத் தூக்குமுன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொண்டார்.

"இப்போ காசு யாரு குடுக்கிறது?"

"நகராட்சி," என்றார் இயக்குநர்.

"அப்போ நகராட்சி தெரியணுமே."

தர்க்கத்தில் பிழை இல்லை. வரி வசூல், குடிநீர், பிறப்பு இறப்புப் பதிவு என எல்லாப் பிரிவும் தலை வாரிக்கொண்டு வந்து நின்றது. மக்கள் பணியை முன்னிட்டு இன்று விடுமுறை என்று அலுவலகக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். முன்வரிசையின் நடுவில் தோன் எவரார்தோ. மணப்பெண் உயரம் போதாதவள் என்பதால் பின்வரிசைக்கு அனுப்பப்பட்டாள். அவள் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, விரலை நீட்டி, இது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று ஆரம்பித்தாள். அபெல் க்ளிக் செய்துவிட்டார்.

தொப்பிக்கும் இயக்குநரின் கொண்டைக்கும் நடுவே அவள் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

"உன்னை மாதிரியேதான் இருக்கு," என்றான் எலியூத். அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே அப்பாவுக்கு அனுப்பினாள். முதல் பிரிவு தொடங்கி நல்லிணக்கத் தீர்ப்பு வரை நடந்ததையெல்லாம் விளக்கிக் குரல் பதிவும் செய்தாள். தன் தரப்பு நியாயம் எங்கும் பலவீனமாகக் கேட்டுவிடக் கூடாது என்று இரண்டு தடவை திருத்திப் பேசினாள்.

அப்பாவின் பதில் மறுநாள்தான் வந்தது. பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம்.

"முகம் நல்லாத் தெரியுதும்மா. யார்கூடவோ சண்டை போட்டுட்டு நிக்கிறே, சந்தோஷமா இருந்துச்சு. இங்க எல்லார்கிட்டயும் காட்டினேன். அந்தத் தொப்பிக்காரரை எங்க எல்லாருக்கும் தெரியும். போன டிசம்பர்ல இங்க வந்தார். ஊர்ல பிள்ளைங்க கல்யாணத்துக்கு நல்லதா படம் எடுக்கணும், பண்பாட்டு நிதின்னு சொல்லி வசூல் பண்ணிட்டுப் போனார். நானும் ஒரு வாரக் கூலியைப் போட்டேன். காசு குடுத்தவங்கதான் படத்துல இருக்கணும்னு நீயே எழுதியிருக்கேங்கிறியே... அப்போ ஏம்மா, நான் எங்க?"