சாய்வு நாற்காலிச் சபதம்

இந்த லீவு முடிவதற்குள் தன் சாய்வு நாற்காலியில் ஒரு முறையாவது உட்கார்ந்தே தீருவது என்று டயம்கீப்பர் சபதம் எடுத்தார். நின்றுகொண்டுதான் எடுத்தார். உட்கார இடம் இல்லை.

பஸ் டிப்போவில் அவர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும். முரட்டு டிரைவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கியரைப் போடுவார்கள். வீட்டில் விசில் ஊதும் உரிமை குக்கருக்கு மட்டும்தான். வருஷம் பூராவும் நின்று நின்று கால் வீங்கிய மனுஷன், ஒரு வாரம் லீவு போட்டு வீட்டுக்கு வந்தால், ஜன்னலோரம் இருந்த சாய்வு நாற்காலியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு கம்பளிக் குன்று இருந்தது. ஸ்வெட்டர், சால்வை, குல்லாய், பெயர் தெரியாத பின்னல்கள்.

எல்லாம் டீச்சர் உபயம். டீச்சர் என்பது அவர் மனைவி. தெருவே அப்படித்தான் கூப்பிடும். இத்தனை வருஷமும் எட்டாம் வகுப்பு. அவர் கண்ணை உருட்டினால் மீசை முளைத்த பையன்கள் பெட்டிப் பாம்பாய் அடங்குவார்கள். இந்த வருஷம் தலைமை ஆசிரியை அவரைத் தூக்கி ஒன்றாம் வகுப்பில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து டீச்சருக்கு ஒரே கவலை. கவலை வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், டீச்சர் பின்னல் ஊசியை எடுத்துவிடுவார்.

“ஏங்க, முதல் நாள் அத்தனை பிள்ளைங்களும் ஒரே நேரத்துல அழுதா நான் என்ன பண்ணுவேன்?”

“கண்ணை உருட்டு.”

“இன்னும் ஜாஸ்தியா அழும்.”

“நீயும் சேர்ந்து அழு. அதுங்க பயந்து நிறுத்திடும்.”

“வகுப்புல இருந்து மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள நாலு திசைக்கு நாலு ஓடுமே! உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க.”

“சரி, அந்த நாற்காலி…”

“எந்த நாற்காலி?”

“அந்தக் குன்றுக்கு அடியில ஒண்ணு இருந்துச்சு.”

“ஓஹோ! நான் பின்னுறதே உங்களுக்குப் பிடிக்கலை. நேராச் சொல்லிட வேண்டியதுதானே?”

“யார் சொன்னா? கல்யாணமான வருஷம் நீ ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தியே, அதை உயிரா வச்சிருக்கேன்! கண்ணைக் கட்டிட்டுத் தொடச் சொல்லு, இதுதான்னு சொல்லிடுவேன்.”

“என்ன கலர் அது?”

“நல்ல கலர்.”

டீச்சர் பின்னலில் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பது டயம்கீப்பருக்குத் தெரியும். தான் தவளை என்பதுதான் தெரியாது.

மறுநாள் காலை, பள்ளி திறப்பதற்கு முன் தினமும் நடக்கும் ஆசிரியர் கூட்டத்துக்கு டீச்சர் கிளம்பிப் போனார். இவர் நேராக எதிர்வீட்டு டெய்லரிடம் போய்ப் புலம்பினார்.

“தம்பி, ஒரு கத்தரிக்கோல் குடு. எல்லாத்தையும் நறுக்கிடறேன்.”

“ஐயையோ அண்ணே! நறுக்கினா மாட்டிக்குவீங்க. பிரிச்சிடுங்க.”

“பிரிக்கிறதா?”

“ஓரத் தையலை விடுவிச்சு, முனையைக் கண்டுபிடிச்சு இழுங்க. சரசரன்னு வந்துடும். நூலை உருண்டையாச் சுத்தி அண்ணியோட நூல் கூடையிலேயே போட்டுடுங்க. திருட்டுப் பொருளும் வீட்டிலேயே இருக்கும், திருடனும் வீட்டிலேயே இருப்பான். யார் கண்டுபிடிக்கிறது?”

“நூல் சுருட்டை சுருட்டையா இருக்காதா?”

“தண்ணியில நனைச்சுத் தொங்கவிட்டுக் காயவச்சு, அப்புறம் சுத்துங்க. அண்ணி வெறுத்துப்போய் ஊசியையே தூக்கிப் போட்டுடுவாங்க. நாற்காலி உங்களுக்கு!”

டயம்கீப்பருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு மூளையை எதிர்வீட்டில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் கஷ்டப்பட்டோம் என்று டெய்லரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேலை அன்றே ஆரம்பமானது. டீச்சர் தெருமுனை திரும்பியதும் இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். தையலைப் பிரித்து, முனையைத் தேடி, இழுத்து, பக்கெட்டில் நனைத்து, பின்கட்டுக் கொடியில் காயவைத்து, உருண்டை பிடித்து, டீச்சர் வருவதற்குள் கூடையில் சேர்த்துவிடுவார். முதுகு ஒடிந்தது. விரல் நுனி சிவந்தது. மூக்கில் கம்பளித் தூசி ஏறித் தும்மல் வந்தது, அதைக் கேட்டு எதிர்வீட்டு டெய்லர் “நூறாயுசு அண்ணே!” என்று குரல் கொடுத்தார். டிப்போவில்கூட அவர் இப்படி மாடாய் உழைத்ததில்லை. ஆனாலும் வெற்றி கண்ணுக்குத் தெரிந்தது, குன்று கரைந்தது.

அடுத்த நாள் பார்த்தால் மறுபடி குன்று!

‘அடேயப்பா, என்ன வேகம்!’ என்று அவர் அசந்துபோனார். அதிலும் ஒரு ஸ்வெட்டரில் முழங்கை இரண்டிலும் ஒட்டுப் போட்டிருந்தது. புதுசிலேயே ஒட்டா? இது ஏதோ புது டிசைன் போலிருக்கிறது என்று வியந்துகொண்டே பிரித்தார். இன்னொன்றின் கழுத்தில் எண்ணெய்க் கறை. பின்னும்போது சமையலும் செய்திருப்பாள், பாவம்.

அன்று சாயங்காலம் டீச்சர் நாற்காலியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“ஏங்க, இங்க வச்சிருந்தேனே ஒரு நீலச் சால்வை?”

“நீலமா? எனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கு மறதி வந்துடுச்சுங்க. ஸ்கூலை நினைச்சு நினைச்சு மூளையே குழம்பிப் போச்சு.” டீச்சர் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

டயம்கீப்பர் நல்ல மனுஷன்தான். மனைவி அழுதால் தாங்கமாட்டார். ‘நான்தான் பிரிச்சேன்’ என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கண் நாற்காலிப் பக்கம் போயிற்று. கம்பளிக்கு நடுவே சாய்வுப் பலகை ஒரு சாண் தெரிந்தது. விழுங்கிவிட்டார்.

லீவின் கடைசி நாளும் வந்தது. நாற்காலியில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, மண் நிறத்தில் ஒரு பெரிய ஸ்வெட்டர். நெருக்கமான பின்னல். லேசில் பிரிய மறுத்தது. “யாருக்குடா இவ்வளவு பிரியமாப் பின்னினா?” என்று திட்டிக்கொண்டே பிரித்து முடித்தார். பிறகு குளித்தார். வேட்டி மாற்றினார். காபி போட்டுக்கொண்டு வந்து, காலை நீட்டிச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். அடடா! சொர்க்கம் என்றால் இதுதான்.

சாயங்காலம் டீச்சர் வந்து அந்தக் கடைசி உருண்டைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வெளியே வந்தபோது கையில் ஒரு நீளமான பின்னல் கயிறு. தடித்த கயிறு, இரண்டு பக்கமும் கலர் கலராய்ச் சின்னச் சின்ன வளையங்கள்.

“என்னது இது?”

“பிள்ளைங்களுக்கு. ஆளுக்கு ஒரு வளையம். பிடிச்சுக்கிட்டு வரிசையா நடந்து வரும். ஒண்ணும் ஓடாது. பயந்து அழுற பிள்ளைக்கும் கையில பிடிக்க ஒண்ணு இருக்கும் இல்லையா?”

“இத்தனை நூல்…?”

“நீங்க பிரிச்சதுதான். புது நூல்னா வாயில வச்சா சாயம் போகும். பலதடவை துவைச்ச பழசுதான் நல்லது. நம்ம பெட்டியில இருந்தது, டெய்லர் தம்பி வீட்டில இருந்தது எல்லாம் கொண்டுவந்து வச்சேன். தம்பிதான் உங்ககிட்டப் பக்குவமா எடுத்துச் சொன்னார்.”

டயம்கீப்பர் திருதிருவென்று விழித்தார். “என்கிட்டக் கேட்டிருந்தா நானே செஞ்சிருப்பேனே!”

“போன வருஷம் ஒரு போர்வையைப் பிரிச்சுத் தாங்கன்னு கேட்டேன். ‘லீவுல மனுஷனைச் சும்மா விடு’ன்னீங்க.”

அப்போதுதான் கயிற்றின் கடைசியில் ஒரு வளையம் டயம்கீப்பர் கண்ணில் பட்டது. மற்றவற்றைவிடப் பெரியது. மண் நிறம்.

“அது… அந்தக் கலர்…”

“நல்ல கலர்தானே? கல்யாணமான வருஷம் பின்னினது. கண்ணைக் கட்டினாக்கூடத் தெரியும்னீங்க. கண்ணைத் திறந்துட்டே பிரிச்சிருக்கீங்க.”

டயம்கீப்பர் முகத்தில் அசடு வழிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார்.

“பேச்செல்லாம் அப்புறம். நடந்தா இழுபடுதான்னு பார்க்கணும். எழுந்து வந்து அந்த வளையத்தைப் பிடிங்க.”

அவர் சாய்வு நாற்காலியை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்தார். எழுந்தார். வளையத்தைப் பிடித்தார். டீச்சர் கயிற்றின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி, நடையைத் தாண்டி, சமையலறைத் தொட்டியில் குவிந்திருந்த பாத்திரங்களின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு திரும்பிப் பார்த்தார். லீவு ஆரம்பித்ததிலிருந்து முதல் முறையாக டீச்சர் முகத்தில் கவலையே இல்லை.

“அழாம வந்துட்டீங்களே! பிள்ளைங்களும் இப்படியே வந்துடும்.”