மணிக்கட்டுக்கு மூன்று பந்து

மூன்றாவது பந்து பருப்புக் கறிக்குள் விழுந்தது.

"இது குசினியோ, சர்க்கஸ் கூடாரமோ?" மனைவி எமிலி அடுப்படியிலிருந்து துள்ளி விலகினாள்.

"வைத்தியமப்பா!" என்றபடி அருட்செல்வம் பந்தைக் கரண்டியால் தூக்கிக் கழுவினார்.

ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர் அவர். மாரிப் பனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துபோனது. கட்டு அவிழ்த்த பிறகும் கை இறுகிக் கிடந்ததால் பிசியோதெரபிக்காரி பந்துகளைக் கொடுத்து, தினமும் பயிற்சி செய்யச் சொன்னாள். கார் பார்க்கிங் நேரம் முடிகிற அவசரத்தில் அவர் எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு ஓடி வந்தார்.

யூடியூப் பார்த்து மூன்று பந்தையும் மாறி மாறி எறிந்து பிடிக்கப் பழகிவிட்டார். ஆனால் அந்த வீடியோக்காரன், "இது வெறும் தொடக்கம்தான்" என்றுவிட்டான். அதுதான் வினை.

"தொடக்கத்தோடை நிண்டால் ஆரப்பா என்னை நம்பி பஸ்ஸைத் தருவினம்?"

குசினி தடை செய்யப்பட்டதால் வித்தை வரவேற்பறைக்கு மாறியது. காலைத் தூக்கி, தொடைக்குக் கீழால் எறிந்தார். பந்து போய் மாதா சொரூபத்தைச் சாய்த்தது.

"ஐயோ, மாதாவே! இஞ்சேருங்கோ, இனி வீட்டுக்குள்ளை பந்தைத் தொட்டால் எனக்குப் பொல்லாத கோவம் வரும்!"

பல்கனிக்குப் போனார். முதுகுக்குப் பின்னால் எறிந்த பந்து தோளைத் தாண்டி, கீழ்வீட்டுக்காரரின் கோப்பிக் கோப்பைக்குள் போய் விழ, கோப்பை உருண்டு உடைந்தது. மன்னிப்புக் கேட்டு, புதுக் கோப்பையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, புல்வெளிக்கு இறங்கினார்.

அங்கே கைகளைக் குறுக்கே மாற்றி மாற்றி எறியும் வித்தையைத் தொடங்கினார். கை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். அவர்கள் குடியிருந்த குரோருட் அடுக்குமாடிப் பிள்ளைகள் முழுப்பேரும் கூடிவிட்டார்கள். நோர்வேயின் தேசிய தினமான மே பதினேழு விழாவில் செய்துகாட்டச் சொல்லிக் குடியிருப்பாளர் சங்கமும் கேட்டது. மறுக்க வாய் வராமல் ஒத்துக்கொண்டார். அந்தப் பயத்திலேயே விடிய எழும்பி எறிந்தார், மழையிலும் எறிந்தார். ஒருநாள் பந்துகள் தாமாகவே கைக்கு வந்தன.

விழாவுக்கு ஒரு கிழமை முன்னால் பிசியோதெரபிக்குப் போனபோது எமிலியும் கூட வந்தாள். பழைய ஆள் விடுமுறையில். பதிலுக்கு இருந்தவள் யூலியா, ஒஸ்லோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"அங்கிள், பயிற்சி செய்தனீங்களோ?"

"பாருங்கோ பிள்ளை."

குறுக்குக் கை. தொடைக்குக் கீழ். முதுகுக்குப் பின்னால். ஒரு பந்துகூட நிலத்தில் விழவில்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். எமிலிக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"இனி பஸ் ஓடலாம்தானே?" மூச்சு வாங்கக் கேட்டார்.

யூலியா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். திரும்பவும் அவரைப் பார்த்தாள்.

"கை நல்லாய் வந்திட்டுது அங்கிள். ஆனால் இதுகளைக் கதிரையிலை இருந்துகொண்டு, ஒவ்வொண்டாய்க் கைக்குள்ளை வைச்சு அமத்தச் சொல்லித்தானே தந்தது?"